ஒரு முகவரிக்குப் பல வாசல்



நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோருக்கு இன்று மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. மின்கட்டண ரசீது, இரயில் முன்பதிவுச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பேரனின் பள்ளி ஆண்டுவிழா அழைப்பு எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. அவற்றோடு கலந்து, வேண்டாத விளம்பரங்களும் ஏமாற்றுக் கடிதங்களும் வருகின்றன. "பெட்டியைத் திறந்தாலே தலை சுற்றுகிறது, எது வேண்டியது, எது குப்பை என்றே தெரியவில்லை" என்று சாங்கி ஏரிக்கரையில் மாலை நடைக்கு வரும் நண்பர்கள் பலர் குறைப்பட்டுக் கொள்கிறார்கள்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. புதிய முகவரி வாங்க வேண்டாம். புதிய மென்பொருளும் வேண்டாம். இருக்கும் முகவரியையே இடத்துக்குத் தக்கபடி சிறிது மாற்றி எழுதிக் கொடுப்பதுதான் அந்த வழி. நான் டிப்ளமோ படித்து இரயில்வேயில் சேர்ந்து, வேகன் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி என் படிப்பு அன்று. ஆனாலும் வந்து சேரும் வேகன்களை அடையாளம் பார்த்துத் தடம் பிரித்து விடுவதை வாழ்நாள் முழுவதும் பார்த்தவன் என்பதால் இந்த முறை எனக்கு எளிதில் விளங்கியது. உங்களுக்கும் விளங்கும்.

முகவரியின் இரு பாதிகள்

ஒரு கணினியிலிருந்து வலைப்பின்னல் வழியாக மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்பும் முறையை 1971-இல் அமைத்தவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ என்ற குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. குறிக்கு முன்னால் உள்ளது ஆள். பின்னால் உள்ளது இடம்.

இதை நம் தபாலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவரின் திட்டம். மல்லேஸ்வரத்தின் எண் 560003. முதல் மூன்று இலக்கங்கள் பெங்களூரைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். மதுரையில் கடிதத்தைப் பிரிப்பவர் இந்த ஆறு இலக்கங்களைப் பார்த்தால் போதும். அதற்கு மேல் எழுதியிருக்கும் "எட்டாவது கிராஸ், மாடி வீடு, வேப்பமரத்துக்கு எதிரே" என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. அதைப் படித்துப் பொருள் கொள்பவர் மல்லேஸ்வரத்துத் தபால்காரர் ஒருவரே.

மின்னஞ்சலிலும் இதே கதைதான். @ குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை வழியில் உள்ள கணினிகள் எல்லாம் படிக்கும். முன்னால் உள்ள பகுதிக்குப் பொருள் சொல்லும் உரிமை கடிதத்தைப் பெறும் கணினிக்கு மட்டுமே உண்டு. மின்னஞ்சல் விதிகளை வகுத்த 2008-ஆம் ஆண்டு ஆவணம் (ஆர்.எஃப்.சி. 5321) இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே பெறும் இடத்தில் ஒத்துக்கொண்டால், முன்பகுதியில் "மாடி வீடு" போன்ற ஒரு குறிப்பை நாம் சேர்த்துக் கொள்ளலாம். வழியில் எவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். நாம் பேசப் போகும் உபாயம் முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் நிற்கிறது.

பழைய வாசகர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது பெங்களூர்க்காரர்களின் முகவரியில் @ குறிக்குப் பின்னால் "ஜியாஸ்பிஜி01" என்று இருக்கும். 'பிஜி' என்றால் பெங்களூர். சென்னைக்காரருக்கு அதே இடத்தில் 'எம்டி' என்று மதராஸைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கும். முகவரியைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். 1996-இல் ஹாட்மெயில் வந்தபின் முகவரி ஊரைவிட்டுக் கழன்றுகொண்டது. பின்பகுதி எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டதால், அடையாளம் சொல்லும் வேலை முழுவதும் முன்பகுதிக்கு வந்து சேர்ந்தது.

கூட்டல் குறி

கந்தசாமி@ஜிமெயில்.காம் என்று ஒரு கற்பனை முகவரியை வைத்துக்கொள்வோம். (இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.) பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியிட்டு, விருப்பமான ஒரு சொல்லைச் சேர்க்கலாம்:

கந்தசாமி+வங்கி@ஜிமெயில்.காம்
கந்தசாமி+ரயில்@ஜிமெயில்.காம்
கந்தசாமி+துணிக்கடை@ஜிமெயில்.காம்

இவை மூன்றுக்கும் எழுதும் கடிதங்கள் கந்தசாமியின் ஒரே பெட்டிக்குத்தான் வரும். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்தச் சொல்லை அந்த நிமிடமே நாமாக இட்டுக்கொள்ளலாம். கடிதம் வரும்போது எந்த வடிவத்துக்கு எழுதப்பட்டதோ அந்த வடிவம் அதன் தலைப்பில் அப்படியே இருக்கும். ஊரில் பல கந்தசாமிகள் இருந்தால் 'மளிகைக்கடை கந்தசாமி', 'போஸ்டாபீஸ் கந்தசாமி' என்று அடைமொழி சேர்ப்போமல்லவா? இங்கே ஒரே கந்தசாமிக்குப் பல அடைமொழிகள். இதை இனி 'ஒட்டு' என்று அழைப்போம்.

இது ஜிமெயிலின் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான ஆண்ட்ரூ அஞ்சல் அமைப்பிலேயே இந்த வழக்கம் இருந்தது. கியூமெயில் என்ற அஞ்சல் மென்பொருளில் கூட்டல் குறிக்குப் பதிலாக நடுக்கோடு போட்டார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய ஜிமெயில் இதைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது. அவுட்லுக்.காம், புரோட்டான் மெயில் ஆகியவற்றிலும் கூட்டல் குறி செல்லும். உங்கள் முகவரி வேறிடத்தில் இருந்தால், ஒட்டுப் போட்ட முகவரிக்கு நீங்களே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். வந்தால் செல்லும், திரும்பினால் செல்லாது. இரயில்வேயில் எதையும் சோதித்துப் பார்த்த பிறகே வண்டி விடுவோம்.

புள்ளியும் நம் இனிஷியலும்

தமிழர்களாகிய நமக்கு இனிஷியலும் புள்ளியும் இல்லாமல் பெயரே இல்லை. ஆகவே முகவரியிலும் ஆர்.கந்தசாமி என்று புள்ளி வைத்து வாங்குகிறோம். பின்னர் யாராவது புள்ளியை விட்டு எழுதினால் கடிதம் வேறு யாருக்கோ போய்விடுமே என்று கவலைப்படுகிறோம்.

ஜிமெயிலைப் பொறுத்தவரை இந்தக் கவலை வேண்டாம். ஜிமெயில்.காம் என்று முடியும் முகவரிகளில் முன்பகுதியில் உள்ள புள்ளிகளை அது கணக்கில் எடுப்பதே இல்லை. ஆர்.கந்தசாமி, ஆர்கந்தசாமி, ஆர்.கந்த.சாமி எல்லாம் ஒரே ஆள்தான். ஒன்றை நீங்கள் வாங்கிவிட்டால் மற்றதை இன்னொருவருக்கு அது கொடுக்காது. ஆகவே வேறொரு ஆர். கந்தசாமியின் விமானச் சீட்டு உங்களுக்கு வந்தால் புள்ளியைக் குறை சொல்லக் கூடாது. அவர் தம் முகவரியில் உள்ள ஓர் எண்ணையோ எழுத்தையோ விட்டுவிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அவுட்லுக்.காமில் இப்படியில்லை, அங்கே புள்ளியும் ஓர் எழுத்துக்குச் சமம். அலுவலகங்கள் தங்கள் சொந்தப் பெயரில் நடத்தும் கூகுள் அஞ்சலிலும் புள்ளிக்கு மதிப்பு உண்டு.

கூட்டல் குறியை ஏற்காத இடங்களில் புள்ளியையே ஒட்டாகப் பயன்படுத்தலாம். கந்தசாமி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 9 எழுத்து. நடுவில் 8 இடைவெளி. ஒவ்வொன்றிலும் புள்ளி வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256 வடிவம்! எல்லாவற்றையும் நினைவில் வைக்க நம்மால் ஆகாது. ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் புள்ளியில் ஒரு பொறியும் இருக்கிறது. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தை வைத்து இது வெளிச்சத்துக்கு வந்தது. ஜிமெயிலுக்குப் புள்ளி வேறுபாடு இல்லை, நெட்ஃபிளிக்ஸுக்கோ உண்டு. ஆகவே உங்கள் முகவரியில் ஒரு புள்ளியை மாற்றி வைத்து ஒருவன் அங்கே புதுக் கணக்குத் தொடங்க முடியும். பிறகு அவன் கொடுத்த அட்டை செல்லாமல் போனால், "உங்கள் அட்டை விவரத்தைப் புதுப்பியுங்கள்" என்று நிறுவனத்தின் உண்மையான கடிதமே உங்களுக்கு வரும். நம் கணக்குத்தானே என்று எண்ணி நீங்கள் அட்டை எண்ணைக் கொடுத்தால், அவன் பார்க்கும் படத்துக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். எனவே பணம் கேட்கும் கடிதம் எதுவானாலும், அது எந்த வடிவ முகவரிக்கு வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. கடிதத்தின் மேற்பகுதியில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால் அது தெரியும்.

தடம் பிரித்தல்

மார்ஷலிங் யார்டு என்பது பல ஊர்ச் சரக்கு வேகன்கள் கலந்து வந்து சேரும் இடம். ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் செருகிய லேபிளைப் பார்த்து, பாயிண்டை மாற்றி, உரிய தடத்தில் தள்ளுவார்கள். லேபிள் இல்லாத வேகன் எந்தத் தடத்துக்குப் போகும்? யார்டில் தேங்கி நிற்கும். நம் அஞ்சல் பெட்டி இன்று லேபிள் இல்லாத வேகன்கள் நிறைந்த யார்டு போலிருக்கிறது. ஒட்டுதான் லேபிள். ஜிமெயிலில் 'ஃபில்டர்' எனப்படும் வடிகட்டிதான் பாயிண்டு.

வடிகட்டியைக் கைப்பேசிச் செயலியில் அமைக்க முடியாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து செய்ய வேண்டும்.

1. மேலே உள்ள தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும்.

2. அதில் 'டு' என்ற கட்டத்தில் ஒட்டுடன் கூடிய முகவரியை முழுவதும் எழுதி, 'கிரியேட் ஃபில்டர்' என்பதை அழுத்துங்கள்.

3. அடுத்த படிவத்தில் 'அப்ளை த லேபிள்' என்பதில் குறியிட்டு 'வங்கி', 'ரயில்' என்று லேபிளுக்குப் பெயர் கொடுங்கள்.

4. முக்கியமான கடிதங்கள் குப்பைப் பிரிவுக்குப் போகாதிருக்க 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதிலும் குறியிடுங்கள். விளம்பரங்களுக்கு 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' போதும். அவை கண்ணில் படாமல் தனித் தடத்தில் நிற்கும்.

ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு அது தானே நடக்கும்.

கொடுத்தது யார்?

ஒட்டின் இரண்டாவது பயன், நம் முகவரி எந்த வழியாகக் கசிந்தது என்பதைக் காட்டிக் கொடுப்பது. நம் பகுதியில் துணி வாங்கினாலும் சரி, கண்ணாடிக்குச் சட்டம் மாற்றினாலும் சரி, பில் போடும்போது கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் கேட்கிறார்கள். நான் ஒவ்வோர் இடத்திலும் அந்தந்தக் கடையின் பெயரையே ஒட்டாக எழுதிக் கொடுப்பது வழக்கம். சில மாதங்களுக்குப் பின், துணிக்கடை ஒன்றுக்குக் கொடுத்த ஒட்டுடன் அடுக்குமாடி வீட்டு விற்பனை விளம்பரங்கள் வரத் தொடங்கின. கடையின் மேலாளரிடம் காட்டினேன். "நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லையே சார்" என்றார். முகவரிக்குள்ளேயே அவருடைய கடையின் பெயர் இருப்பதைக் கண்டபின், விளம்பரம் அனுப்புவதற்காக வேறொரு நிறுவனத்திடம் பட்டியலைக் கொடுத்திருந்ததை ஒப்புக்கொண்டார். என் பெயரை நீக்கியும் கொடுத்தார். ஒட்டு இல்லாதிருந்தால் நான் யாரைப் போய்க் கேட்டிருக்க முடியும்?

எல்லாக் கசிவும் விற்றதால் நேர்வதில்லை, திருட்டும் உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பிக்பாஸ்கெட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் திருடப்பட்ட செய்தி 2020 நவம்பரில் வெளியாயிற்று. மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்கள் 2 கோடிப் பேருக்கு மேல் கசிந்தன. 2021 மே மாதத்தில் ஏர் இந்தியா, பயணிகள் சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்ததாக அறிவித்தது. தவறு நேர்ந்தது அதன் விவரங்களைப் பராமரித்த வெளிநாட்டு நிறுவனமான சிட்டாவில். இப்படிக் கசிந்த பட்டியல்களில் நம் முகவரி உள்ளதா என்று பார்க்க, ட்ராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. நம் நாட்டிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தோமோ அதற்கே நம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் கொள்கை. சட்டம் கேள்வி கேட்க இடம் தரும். கேட்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? அதை ஒட்டு தரும்.

போலியைக் காணும் வழி

என் கருத்தில் மூன்றாவது பயன்தான் தலையாயது; அதிலும் ஓய்வூதியத்தை நம்பி வாழும் நம் போன்றோருக்கு.

ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டும். 2014 நவம்பர் 10 அன்று தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' திட்டத்தால் இதை இணையம் வழியாகவும் செய்ய முடிகிறது. ஏமாற்றுவோர் இதையே தூண்டிலாக்கிக் கொள்கிறார்கள். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்குச் சென்ற நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. "உங்கள் சான்று ஏற்கப்படவில்லை, இன்று மாலைக்குள் கீழ்க்கண்ட இணைப்பில் கணக்கு விவரங்களைப் பதியாவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும்" என்று அதில் இருந்தது. வங்கியின் சின்னம், நிறம், கையொப்பம் எல்லாம் கச்சிதம். நண்பருக்குக் கை நடுங்கியது. ஆனால் அவர் வங்கிக்கென்று தனி ஒட்டு வைத்திருந்தார். இந்தக் கடிதமோ ஒட்டில்லாத மொட்டை முகவரிக்கு வந்திருந்தது. அந்த மொட்டை முகவரி வங்கியின் பதிவேட்டிலேயே கிடையாது. பிறகு வங்கிக் கடிதம் எப்படி அங்கே வரும்? இணைப்பைத் தொடாமல் மறுநாள் வங்கிக் கிளைக்கு நேரில் சென்றார். அவருடைய சான்று ஏற்கப்பட்டு இரண்டு வாரமாகியிருந்தது.

வங்கிக்குக் கொடுத்த ஒட்டில் வராத வங்கிக் கடிதம் வங்கிக் கடிதமே அன்று. மொழித்தரத்தை ஆராய வேண்டாம், சின்னத்தை உற்றுப் பார்க்க வேண்டாம். எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்த்தால் போதும்.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிய ஒட்டில் வந்துவிட்டதாலேயே ஒரு கடிதம் உண்மையாகிவிடாது. வங்கியின் பட்டியலே கசிந்திருக்கலாம். '+வங்கி' என்பது யாரும் ஊகிக்கக்கூடிய சொல்லும்கூட. ஆகவே பணம் சம்பந்தப்பட்ட இடங்களுக்கு '+வங்கி' என்று வெறுமனே வைக்காமல், நமக்கு மட்டும் தெரிந்த ஓர் எண்ணையோ சொல்லையோ சேர்த்து வையுங்கள். அதற்குப் பிறகும் கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், பாஸ்புத்தகத்தில் உள்ள தொலைபேசி எண்ணையோ கிளையையோ அணுகுவதே முறை.

எல்லைகள்

இந்த முறைக்குச் சில எல்லைகள் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சில இணையதளங்கள் கூட்டல் குறியைக் கண்டதும் "தவறான முகவரி" என்று மறுக்கும். மின்னஞ்சல் விதிகளில் 1982 முதலே அந்தக் குறிக்கு இடமுண்டு. தவறு அந்தத் தளத்தை அமைத்தவர்களுடையது. அங்கே புள்ளி முறையைக் கையாளலாம். வங்கியே மறுத்தால் வங்கிக்கென்று தனியாக ஒரு முகவரி தொடங்குவது நல்லது.

இரண்டாவது, ஒட்டை வெட்டி எறிவது எளிது. கூட்டல் குறி முதல் @ வரை நீக்கினால் மொட்டை முகவரி கிடைத்துவிடும். இந்த வித்தையை அறிந்த விளம்பரக்காரர்கள் உண்டு. அதற்கு மாற்று, மொட்டை முகவரியை இனிப் புதிதாக யாருக்கும் கொடுக்காமலிருப்பது. உறவினர்களுக்குக்கூட '+வீடு' என்று கொடுங்கள். நாளடைவில் மொட்டை முகவரிக்கு வருவதெல்லாம் சந்தேகத்துக்குரியது என்று ஆகிவிடும்.

மூன்றாவது, ஒட்டுடன் ஒரு தளத்தில் பதிவு செய்தால், பிறகு நுழையும்போதும் அதே ஒட்டுடன் எழுத வேண்டும். தொலைபேசியில் சொல்லும்போது "பிளஸ்" என்றால் எதிர்முனையில் இருப்பவர் அதை நான்கு ஆங்கில எழுத்துகளாகவே எழுதிவிடுவதும் உண்டு. "கூட்டல் அடையாளம்" என்று விளக்கிச் சொல்லுங்கள். நீங்கள் பதில் எழுதினால், வேறு ஏற்பாடு செய்யாத வரை, அது மொட்டை முகவரியிலிருந்தே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, ஒட்டு நம்மை மறைக்காது. பெயர் அப்படியேதான் தெரியும். கைப்பேசி எண்ணை வைத்தும் நம்மை இனம் காணலாம். முகவரியையே மறைக்க வேண்டுமானால் 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த 'ஹைட் மை இமெயில்', மொசில்லாவின் 'ஃபயர்ஃபாக்ஸ் ரிலே' போன்ற சேவைகள் உள்ளன. அவை சம்பந்தமில்லாத ஒரு முகவரியைத் தந்து, அதற்கு வருவதை நமக்குத் திருப்பி விடும்; வேண்டாதபோது அந்த ஒன்றை மட்டும் மூடிவிடலாம்.

தொடங்குவோருக்கு

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முயல வேண்டாம். முதலில் வங்கியும் ஓய்வூதியமும்; அடுத்து இரயில், மின்சாரம், எரிவாயு, காப்பீடு; கடைகளுக்கு அவ்வப்போது புதிய ஒட்டு. எந்த இடத்துக்கு எந்த ஒட்டு என்று ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதைப் பத்திரமாக வையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். இல்லத்தரசியாருக்கும் பிள்ளைகளுக்கும் நோட்டு இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் ஏமாற்றுக்காரன் எவனாவது பணத்தைப் பறித்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க முதல் சில மணி நேரமே முக்கியம்.

கணினி தெரிந்த இளைஞர்கள் இல்லாத வீடு மல்லேஸ்வரத்தில் குறைவு. வரும் ஞாயிற்றுக்கிழமை பேரனையோ பேத்தியையோ அருகில் உட்கார வைத்து, வங்கிக்கு ஒரே ஓர் ஒட்டும் ஒரே ஒரு வடிகட்டியும் அமைத்துப் பாருங்கள். கால் மணி நேர வேலைதான். அன்பர்கள் முயன்று பயன்பெற வேண்டுகிறேன்.